டெங்கு மரபணுத் தரவு: சொந்தக் கணினியா, கிளவுட்டா?

எங்கள் ஆய்வுகூடத்தில் டெங்கு மாதிரிகளிலிருந்து வரும் மரபணுத் தரவை அலசுவது என் வேலை. புதிய ஆய்வு நிதி கிடைத்தபோது கணினிக்கென ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள். அதில் நல்ல வேர்க்ஸ்டேஷன் (வலுவான மேசைக்கணினி) ஒன்று வாங்குவதா, இணையம் வழியே வேறு நிறுவனத்தின் கணினியைக் கிளவுட்டில் வாடகைக்கு எடுப்பதா? வாங்கத்தான் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கிளவுட்டின் நன்மைகள் எல்லாரும் அறிந்தவை. வேண்டும்போது பெரிய இயந்திரம், வேலை முடிந்தால் அணைத்துவிடலாம், பழுது பார்ப்பது அவர்கள் பாடு. மும்பை, சிங்கப்பூர் என்று தரவு மையங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன.

சரி, நமக்கு எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும்? டெங்கு வைரசின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 10,700 எழுத்துகள், அதாவது மரபணு வரிசையின் அலகுகள். கொவிட் வைரசுக்கு 30,000க்குச் சற்றுக் குறைவு. மனிதனுக்கோ 300 கோடி. மினிமாப்2 என்ற மென்பொருள் கொண்டு டெங்கு வாசிப்புகளை (கருவி வாசித்துத் தரும் வரிசைத் துண்டுகளை) முழு மரபணுத்தொகுதியோடு பொருத்த மடிக்கணினியே போதும். மரபணுவை வாசிக்கும் மினயன் கருவி தரும் மின்சமிக்ஞையை எழுத்துகளாக மாற்றும்போதுதான் நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் தேவை. கேம் விளையாடும் பொடியன்கள் கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள யூனிட்டி பிளாசா கடைத்தொகுதியில் தேடித் திரியும் அதே வகைக் கார்ட்தான்.

முடிவைத் தீர்மானித்தது பில். கிளவுட் பில் டொலரில் வரும், நமது நிதி ரூபாயில். 2022 மார்ச்சில் இலங்கை ரூபாயை மிதக்கவிட்டார்கள், அதாவது அதன் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்க விட்டார்கள். 200 சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. கிளவுட்டை நம்பியிருந்த திட்டத்துக்கு, ஒரு மாதிரிகூட அதிகமாகாமலே செலவு முக்கால் பங்குக்கு மேல் ஏறியிருக்கும். வாங்கிய கணினிக்கு ஒரே கொட்டேஷன், ஒரே கொடுப்பனவு, பொருட்பதிவேட்டில் ஒரு வரி. மாதாமாதம் தொகை மாறும் பில்லைக் கணக்குப் பிரிவுக்கு விளங்கப்படுத்துவது தனிக் கலை. அதையும் யாருடைய கிரெடிட் கார்டில் கட்டுவது? அப்புறம், நிதி முடிந்த மறுநாளும் சொந்தக் கணினி ஓடும். கிளவுட்டிலோ தரவை வெளியே இறக்குவதற்கே பெரும்பாலும் தனிக் கட்டணம்.

பராமரிப்பு இல்லாமல் இல்லை. யூபிஎஸ் பற்றரி, ஏசி, தூசு, கடற்காற்று. 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அதற்கு எந்த யூபிஎஸ் தாங்கும்? ஆகவே விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய மென்பொருட்களையே பாவிக்கிறேன். நெக்ஸ்ட்புளோ, பீஸ்ட்2 இரண்டிலும் அந்த வசதி உண்டு. வன்தட்டு பழுதானால் நான்தான் கழற்ற வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத ஆய்வுகூடத்தில் என் வாதத்தில் பாதி நிற்காது.

கழிவுநீரில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன என்று தேடும் வேலை வேறு மாதிரி. அதற்குப் பெரிய தரவுத்தளங்களை அப்படியே நினைவகத்தில் ஏற்ற வேண்டிவரும். அதில் எனக்கு அனுபவம் குறைவு. அந்த வேலைக்கு வாடகைதான் சரியாக இருக்கலாம்.

கிளவுட் கணக்கை நாங்களும் மூடிவிடவில்லை. மாதிரியோடு கலந்து வரும் நோயாளியின் மரபணுத் துணுக்குகளை நீக்கிவிட்டு, வைரஸ் தரவின் இன்னொரு பிரதியை அங்கே வைத்திருக்கிறோம். அரிதாகத் தொடும் கோப்புகளைச் சேமிப்பது மலிவு. அந்தச் சின்ன பில்லை மட்டும் டொலரில் கட்டுகிறோம்.