செங்கோட்டையில் ஒரு லேப், அக்காவுக்காக எழுதுகிறேன்

அக்காவுக்கு உடம்பே தன் சிவப்பணுக்களை அழிக்கிற வகை ரத்தசோகை. முன்பு ஆரியங்காவு வழியாகப் புனலூர் வரை போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவோம், இப்போது ஆறு மாதமாக செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற சின்ன லேப்தான்.

இங்கே எனக்குப் பிடித்தது அவர்கள் கை. முன்பு வேறொரு இடத்தில் ரத்தத்தை அவசரமாக இழுத்ததில் சிரிஞ்சிலேயே அணுக்கள் உடைந்து, எல்டிஎச் (அணுக்கள் உடைந்தால் ரத்தத்தில் கூடுகிற ஒரு நொதி) கன்னாபின்னாவென்று ஏறி, நோய் முற்றிவிட்டது என்று ராத்திரி முழுக்க அழுதோம். இங்கே போன மாதம் டெக்னீசியன் பெண் டியூபை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சாம்பிள் உடைஞ்சிருக்கு, அக்காவைத் திரும்ப உக்காரச் சொல்லுங்க" என்றார். இரண்டாவது முறைக்குக் காசு வாங்கவில்லை.

இந்த நோய்க்குப் பார்க்கிற கூம்ஸ் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் சிவப்பணுக்களின் மேல் எதிர்ப்பொருளோ (உடம்பின் தற்காப்புப் புரதம்) அதற்குத் துணைபோகிற காம்ப்ளிமென்ட் புரதமோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம், எவ்வளவு வேகமாக அழிகிறது என்பதை அது மட்டும் சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணுக்கள்), எல்டிஎச், பிலிருபின் (சிவப்பணு அழியும்போது உண்டாகிற மஞ்சள் நிறப்பொருள்) எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் பழைய எண்களையும் பக்கத்திலேயே போட்டுத் தருகிறார்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி.

ஹாப்டோகுளோபின் (அணுக்கள் அழிந்தால் ரத்தத்தில் குறைகிற ஒரு புரதம்) டெஸ்டை மட்டும் வெளி லேபுக்கு அனுப்புகிறார்கள், 3 நாள் ஆகும். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை, அது மட்டும்தான் எனக்குக் குறை.