வி.எல்.சி.க்குள் இருக்கும் ரிமோட்: மைக் செட்டுக்கும் ஏற்காடு விடுதிக்கும் தேறுமா?

கல்யாண மண்டபத்தில் மைக் செட்காரரின் லேப்டாப் மேடை ஓரம், மிக்சருக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். ஆனால் அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க முடியாது. கீழே பந்தியில் சத்தம் கேட்கிறதா, வாசல் பாக்ஸ் அலறுகிறதா என்று சுற்றிச் சுற்றி வர வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் மேடையில் இருந்து ஒரு பெரியவர் "பாட்டைக் கொஞ்சம் நிறுத்துப்பா" என்பார். அதற்கு ஓடி வருவதற்குப் பதில் சட்டைப் பையில் இருக்கும் போனிலேயே நிறுத்த முடிந்தால் எவ்வளவு நிம்மதி! அதற்குத் தனிச் சாதனம் எதுவும் வேண்டாம். அவர் பாட்டு ஓட்டுகிற அதே வி.எல்.சி. பிளேயருக்குள்ளேயே ஒரு வெப் ரிமோட் இருக்கிறது. இலவசம், விளம்பரம் கிடையாது. பார்க்க அழகில்லை, முகம் பழசு. ஆனாலும் ஒழுங்காக அமைத்தால் நாள் முழுக்க உழைக்கும். இதில் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை வி.எல்.சி.யால் வருவதில்லை, வைஃபையும் விண்டோஸும் செய்யும் வேலை அவை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஓரம் கட்டிவிடலாம். இதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை. போனும் லேப்டாப்பும் ஒரே ரூட்டரில் இருந்தால் போதும், அந்த ரூட்டருக்கு ஃபைபர் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். ஆடியில் சேலம் குகை வண்டி வேடிக்கைக் கூட்டத்தில் போன் டவர் திணறினாலும், ஏற்காட்டில் மழைக்கு லைன் அறுந்தாலும் பாட்டை மாற்றுவதில் தடை இருக்காது.

அமைப்பது ஐந்து நிமிட வேலை. டூல்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ் திறந்து, இடது கீழ் மூலையில் 'ஷோ செட்டிங்ஸ்' என்பதில் 'ஆல்' தேர்ந்தெடுங்கள். இடப்பக்கப் பட்டியலில் இன்டர்ஃபேஸ், அதற்குள் மெயின் இன்டர்ஃபேசஸ். அங்கே 'வெப்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். பிறகு மெயின் இன்டர்ஃபேசஸை விரித்தால் 'லுவா' என்று ஒரு கிளை வரும். அதில் லுவா எச்டிடிபி பகுதியில் பாஸ்வேர்டு கொடுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் இது உள்ளே விடாது. சேவ் செய்துவிட்டு வி.எல்.சி.யை முழுவதும் மூடித் திறக்க வேண்டும்; பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதல் முறை திறக்கும்போது விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கும். அவசரத்தில் கேன்சல் அழுத்திவிட்டால் விண்டோஸ் அதையே 'தடு' என்று எழுதி வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்காது. பிறகு கன்ட்ரோல் பேனலில் ஃபயர்வால் பகுதிக்குப் போய், அனுமதிக்கப்பட்ட ஆப்களின் பட்டியலில் வி.எல்.சி.க்கு 'பிரைவேட்' டிக் போட்டால்தான் வழி திறக்கும். புதிதாகச் சேரும் வைஃபையை விண்டோஸ் பெரும்பாலும் 'பப்ளிக்' என்றே வைக்கும். அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் அதை 'பிரைவேட்' ஆக மாற்றுங்கள்.

அடுத்து லேப்டாப்பின் ஐபி எண், அதாவது அந்த வைஃபைக்குள் அதன் முகவரி. கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் ஐபிவி4 என்ற வரியில் தெரியும். ஜியோ ஃபைபர் ரூட்டர் என்றால் 192.168.29 என்று தொடங்கும். வேறு பல ரூட்டர்களில் 192.168.1 அல்லது 192.168.0. போனின் பிரவுசரில் எச்டிடிபி என்பதையும் சேர்த்து முழு முகவரியாக அடித்து, எண்ணுக்குப் பிறகு முக்காற்புள்ளி வைத்து 8080 என்ற போர்ட் (வாசல்) எண்ணைப் போட வேண்டும். எச்டிடிபியை விட்டுவிட்டால் சில பிரவுசர்கள் தாமாகவே எச்டிடிபிஎஸ் பக்கம் ஓடி, திறக்கவில்லை என்று கைவிரிக்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும்போது யூசர்நேமைக் காலியாக விடுங்கள். போனின் பாஸ்வேர்டு மேனேஜர் அங்கே உங்கள் பெயரை நிரப்பிவிட்டால், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

திறக்கவில்லையா? அதே லேப்டாப்பின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து 8080 போட்டுப் பாருங்கள். அங்கே வந்தால் வி.எல்.சி. மேல் குற்றமில்லை, ஃபயர்வாலையோ ரூட்டரையோதான் பிடிக்க வேண்டும். அங்கேயும் வராவிட்டால் டிக் விழவில்லை, அல்லது 8080ஐ வேறு ஏதோ மென்பொருள் ஏற்கெனவே பிடித்திருக்கிறது.

போன் பக்கத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. இன்டர்நெட் இல்லாத வைஃபையில் சேர்ந்தால் ஆண்ட்ராய்டு அதை உருப்படாத வைஃபை என்று முடிவுகட்டி, சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவும். வைஃபை இணைந்தே தெரியும், பக்கம் மட்டும் திறக்காது. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் இதிலேயே இரு என்று போன் கேட்கும்போது ஒப்புக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ஏற்காட்டில் வரும் 'ரிமோட் வேலை செய்யவில்லை' புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி பக்கத்தின் தரம். பெரிய திரையில் பிளே, நிறுத்து, முன், பின், ஃபுல் ஸ்கிரீன், ஒலி, ஓடும் நேரக் கோடு, பிளேலிஸ்ட், ஈக்குவலைசர் எல்லாம் உண்டு. போனுக்கென்று எளிமையான தனிப் பக்கம் இருக்கிறது, அது கைக்கு அடக்கம். குறை என்னவென்றால் பாஸ் பட்டன் இரட்டை வேலை செய்கிறது: ஒரு தட்டில் நிற்கும், மறு தட்டில் ஓடும். சிக்னல் தாமதமாகி, அழுந்தவில்லையோ என்று இன்னொரு முறை தட்டினால் நின்ற பாட்டு மறுபடி கிளம்பிவிடும். தாலி கட்டும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு தட்டு தட்டிவிட்டு இரண்டு விநாடி பொறுப்பதுதான் மருந்து. சொந்தமாக ஷார்ட்கட் செய்யத் தெரிந்தவர்களுக்கு வி.எல்.சி. 3இல் 'கட்டாய நிறுத்தம்', 'கட்டாயத் தொடர்ச்சி' என இரண்டு தனிக் கட்டளைகள் இருக்கின்றன. எத்தனை முறை அனுப்பினாலும் நின்றது நின்றபடியே இருக்கும். ஒலியளவையும் கட்டளையாக அனுப்பலாம். அதில் 256 என்பதுதான் 100 சதவீதம், 512 போட்டால் 200. நூறு என்று நினைத்து 100 அனுப்புகிறவருக்குச் சத்தம் பாதிக்கும் கீழே இறங்கும். மற்றவர் 256க்கு மேல் போக வேண்டாம், பாட்டு கரகரக்கும். மீதிச் சத்தத்தை மிக்சரில் ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு இடறல்கள். ஒரு பாட்டு ஓடும்போது இன்னொரு ஃபைலை டபுள் கிளிக் செய்தால், செட்டிங்ஸைப் பொறுத்து, இரண்டாவது வி.எல்.சி. திறந்து இரண்டும் சேர்ந்து பாடக்கூடும். அப்போது 8080 முதலாவதன் கையில் இருப்பதால் போன் அதை மட்டுமே கட்டுப்படுத்தும். பிரிஃபரன்சஸில் ஒரே ஒரு இன்ஸ்டன்ஸ் மட்டும் என்ற கட்டத்தை டிக் செய்தால் இந்தத் தொல்லை தீரும். இரண்டாவது, தூக்கம். ஓடிக்கொண்டிருக்கும்வரை வி.எல்.சி. லேப்டாப்பைத் தூங்க விடாது. பாஸில் வைத்தால் அந்தக் காவல் போய்விடும். முகூர்த்தத்துக்காக அரை மணி நிறுத்தி வைத்தால் லேப்டாப் தூங்கிவிடும், போன் எவ்வளவு கூப்பிட்டாலும் எழாது. பவர் செட்டிங்ஸில் சார்ஜர் போட்டிருக்கும்போது 'ஸ்லீப்: நெவர்', மூடியை மூடினால் 'டூ நத்திங்' என்று வையுங்கள். வி.எல்.சி.யையே மூடிவிட்டாலும் கதை முடிந்தது. போனில் இருந்து அதைத் திறக்க வழியில்லை.

மண்டபத்து வைஃபையை நம்ப வேண்டாம். அதன் கெஸ்ட் வைஃபையில் ஒரு போன் இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுப்பு போட்டிருப்பார்கள். ரூட்டர் மெனுவில் அதன் பெயர் ஏபி ஐசோலேஷன். மைக் செட் பெட்டிக்குள்ளேயே ஒரு சாதாரண ரூட்டர் வைத்துக்கொள்வது நல்லது. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். லேப்டாப்பை அதில் லேன் கேபிளில் மாட்டுங்கள், போன் மட்டும் காற்றில் வரட்டும். ஐந்நூறு பேர் போனோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலாக இருக்கும். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே, அதில் எது காலி என்று பார்த்துக் கையால் பூட்டுங்கள். ஒரே ஹாலுக்குள் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் மேல்; சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்தில் இருந்தால் அது எட்டாது, 2.4தான் கதி. ரூட்டரின் டிஎச்சிபி (ஐபி எண்களைப் பங்கிடும் பகுதி) பட்டியலில் லேப்டாப்புக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவிட்டால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் புது ஐபி தேட வேண்டாம். லேப்டாப்பைக் கேபிளில் மாட்டாமல் வைஃபையில் சேர்த்து, எண் ஒதுக்கியும் மாறிக்கொண்டே இருந்தால், விண்டோஸில் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்காட்டுக் கதை வேறு. எஸ்டேட் பங்களாக்களின் கனத்த கல்சுவர் வைஃபையை அப்படியே விழுங்கும். டிவிக்குப் பின்னால் ஒரு மினி பிசி, எச்டிஎம்ஐ கேபிள், அதில் வி.எல்.சி.; முகவரியைக் க்யூஆர் கோடாக அச்சடித்து மேசையில் ஒட்டிவிட்டால் விருந்தினர் ஆப் எதுவும் இறக்காமல் தங்கள் போனிலேயே படத்தை நிறுத்தி ஓட்டலாம். ஆண்ட்ராய்டா ஐபோனா என்ற கேள்வியே எழாது. ஆப் இறக்க வேண்டிய ரிமோட்களில் இவ்வளவு சுலபம் இல்லை, அதற்காகவே இது விடுதிக்குத் தேறும். ஹாலுக்காக இரண்டாவது ரூட்டர் வாங்கினால் அதை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட வேண்டும். ரூட்டர் மோடிலேயே விட்டால் அது தனி நெட்வொர்க்காகப் பிரிந்து, அதற்குள் இருக்கும் பிசியை முதல் ரூட்டரில் இருக்கும் போன் எட்டவே முடியாது. கரண்ட் போய் வந்தால் பிசி தானாக எழ பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங்ஸ் திரையில்) ஒரு வசதி இருக்கும், அதை ஆன் செய்து, விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் வி.எல்.சி. ஷார்ட்கட்டைப் போடுங்கள். ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று. கோடை மழைக் காலத்தில் இது செலவல்ல, தேவை.

ஆனால் விடுதிக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஃபைல்களைத் தேடும் வசதியும் இருக்கிறது. பாஸ்வேர்டு தெரிந்தவர் பிசியின் எல்லா ஃபோல்டர் பெயர்களையும் பார்க்கலாம், அதில் இருக்கும் வீடியோ எதையும் ஹால் டிவியில் ஓட்டலாம். முதலாளி வீட்டுக் கல்யாண வீடியோ உட்பட. எனவே விண்டோஸில் அட்மின் அல்லாத தனி யூசர் ஒன்றைத் திறந்து, படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தவிர வேறெதையும் அவருக்குத் திறந்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாமல்தான் போகிறது. வங்கிக்கோ மெயிலுக்கோ வைத்திருக்கும் பாஸ்வேர்டை இங்கே போடவே கூடாது. வெளியூரில் இருந்து பார்க்க ஆசைப்பட்டு ரூட்டரில் 8080ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவது வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

மாற்று என்ன? போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கேடிஇ கனெக்ட் என்ற ஆப் மறையாக்கத்தோடு வேலை செய்கிறது, இணைக்கும்போது இரு பக்கமும் ஒப்புதல் கேட்கிறது. கம்ப்யூட்டரின் ஃபயர்வாலில் 1714 முதல் 1764 வரையான போர்ட்களைத் திறந்து வைத்தால் போதும். லினக்ஸில் வி.எல்.சி. உட்பட பல பிளேயர்களையும் பிரவுசரில் ஓடும் யூடியூபையும் சேர்த்தே பிடிக்கும். லினக்ஸ்காரர்கள் யோசிக்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸில் மட்டும் வி.எல்.சி. 3 தன்னை விண்டோஸின் மீடியா பேனலுக்குக் காட்டுவதில்லை, அதனால் கேடிஇ கனெக்ட் கண்ணிலும் படாது. போனில் அழைப்பு வந்தால் பாட்டை நிறுத்தும் வசதி ஒன்றும் கேடிஇ கனெக்டில் உண்டு. வீட்டில் அருமை. மண்டபத்தில் அணைத்து வைக்காவிட்டால், மைக் செட்காரருக்குப் போன் வரும்போதெல்லாம் மொத்த ஹாலும் அமைதியாகும்.

படம் மட்டுமே பார்க்கும் விடுதி ஹாலுக்குக் 'கோடி' (Kodi) என்ற மீடியா பிளேயர் இன்னும் அழகு. அதன் கோரே ஆப் படத்தின் போஸ்டரோடு பட்டியல் காட்டும். சர்வீசஸில் கன்ட்ரோல் பகுதிக்குப் போய் எச்டிடிபி வழி ரிமோட்டை அனுமதிக்க வேண்டும். வி.எல்.சி.யும் கோடியும் ஒரே பிசியில் இருந்தால் இரண்டுமே 8080ஐத்தான் கேட்கும். கோடியின் எண்ணை அதே திரையில் 8081 என்று மாற்றிவிடுங்கள். எம்பிசி-எச்சி என்ற பிளேயரைப் பயன்படுத்துபவர்களுக்கும் 13579 என்ற போர்ட்டில் ஒரு வெப் பக்கம் உண்டு, தேவைக்கு ஆகும், அவ்வளவுதான்.

மைக் செட்காரர்களுக்கு ஒரு சில்லறை வேலை பாக்கி இருக்கிறது. பழைய எம்பி3க்களின் டேக்கில் (ஃபைலுக்குள் எழுதியிருக்கும் பாட்டு விவரம்) பாட்டின் பெயருக்குப் பதில் இறக்கிய தளத்தின் பெயர் உட்கார்ந்திருக்கும். வி.எல்.சி. பிளேலிஸ்டில் ஃபைல் பெயரை விட்டுவிட்டு டேக்கைத்தான் காட்டும், ஆகவே போனில் நூறு பாட்டும் ஒரே பெயரில் வரிசை கட்டி நிற்கும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஃபைல் பெயரில் இருந்து டேக்குக்கு மாற்றும் வசதியை ஒரு முறை ஓட்டினால் தலைப்புகள் சரியாகிவிடும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் செய்யாதீர்கள். நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, விசேஷமில்லாத வாரத்தில் செய்யுங்கள்.