அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்: 1968 கார்டினல்ஸ் டீம என் கையில குடுத்த கேம்

மேனேஜர் கேம் பிடிக்கும், ஆனா ஃபுட்பால்லயே சுத்தி சுத்தி சலிச்சுப் போச்சுன்னா இத வாங்குங்க. முதல்லயே சொல்லிடறேன், இது விளையாடற கேம் இல்ல, நடத்தற கேம். பேட்ட நாம சுத்த மாட்டோம், பந்த நாம போட மாட்டோம், யாரு போடணும் யாரு அடிக்கணும் யார வெச்சுக்கணும் யார அனுப்பணும், அதுதான் நம்ம வேல. மலேசியாவுல, எங்க சுங்கை சிப்புட்ல பேஸ்பால் பத்திப் பேச ஆளு கெடைக்காது, ஸ்கூல்ல சாப்ட்பால் ஆடுன புள்ளைங்களுக்குத்தான் பேஸ், ஸ்ட்ரைக், அவுட்னா என்னன்னு தெரியும். அந்த அளவுக்குத் தெரிஞ்சாலே போதும், மிச்சத்த ஆடிக்கிட்டே கத்துக்கலாம். இத உருவாக்குன மார்க்குஸ் ஹைன்ஸோன் ஒரு ஜெர்மன்காரரு, அதனால அமெரிக்காவுல பொறந்தாதான் இதெல்லாம் புரியும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

வருஷா வருஷம் புது வெர்ஷன் வருது. அதுல இன்னிக்கு ஆடற டீமுங்க இருக்கு, ஆன்லைன்ல கார்டு சேக்கற மோடு இருக்கு, அதெல்லாம் நான் தொடறதில்ல. எனக்கு ஹிஸ்டாரிக்கல் மோடு மட்டும்தான். 1871லேர்ந்து எந்த வருஷத்த வேணும்னாலும் எடுத்துக்கலாம், அந்த வருஷம் ஆடுன ஆளுங்க, அவங்க நெஜமா எடுத்த ரன்னு, போட்ட ஓவ்... பேஸ்பால்ல இன்னிங்ஸ்தான், எல்லாம் அப்பிடியே வந்து உக்காந்துடும். அப்பறம் சீசன் ஆரம்பிச்சா வரலாறு முடிஞ்சது, இனிமே நடக்கறது நம்ம பொறுப்பு.

நான் எடுத்தது 1968 செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். காரணம் பாப் கிப்சன், பிட்ச்சர், அதாவது பந்து போடற ஆளு. அந்த வருஷம் அவரோட ஈ.ஆர்.ஏ., அதாவது ஒம்பது இன்னிங்ஸுக்கு சராசரியா விட்டுக்குடுத்த ரன், 1.12. அந்தப் பக்கம் ஒரு ரன்கூட எடுக்க விடாம முடிச்ச ஆட்டம் மட்டும் 13. முன்னாடி லூ ப்ராக் ஓடுவாரு, அவருக்கு அடுத்து கர்ட் ஃப்ளட் அடிப்பாரு, பேட்டுக்குப் பின்னாடி உக்காந்து பந்து பிடிக்கற கேட்சர் டிம் மெக்கார்வர், 23 வயசுப் பையனா ஸ்டீவ் கார்ல்டன் ஒரு மூலையில பந்து போட்டுக்கிட்டு இருப்பாரு. இப்பிடி ஒரு டீம் கையில இருந்தா சும்மா பட்டன அமுக்கி சீசன ஓட்டிடலாமே, ஜெயிச்சுடலாமேன்னு தோணும். அங்கதான் தப்பு. ஒரு ஆட்டத்தையாவது பந்து பந்தா உக்காந்து நடத்திப் பாருங்க.

ஒண்ணு சொல்றேன். எட்டாவது இன்னிங்ஸ், ரெண்டு பக்கமும் பூஜ்யம். நம்ம ஆளு ரெண்டாவது பேஸ்ல நிக்கறாரு, ரெண்டு அவுட் ஆயிருச்சு, அடுத்து பேட் எடுத்துக்கிட்டு வரணும் கிப்சன். அந்தக் காலத்துல கார்டினல்ஸ் ஆடற நேஷனல் லீக்ல பிட்ச்சரும் பேட் பிடிக்கணும், பிட்ச்சருக்குப் பதிலா அடிக்கறதுக்குன்னே தனி ஆளு வெச்சுக்கற ரூலு 1973லதான் வந்துச்சு, அதுவும் இன்னொரு லீக்கான அமெரிக்கன் லீக்ல மட்டும். இப்ப பெஞ்சுலேர்ந்து நல்லா அடிக்கற ஒருத்தர அனுப்பலாம், ரன் வர சான்ஸ் கூடும், ஆனா கிப்சன் வெளிய போனா போனதுதான், திரும்பி வர முடியாது, ஒம்பதாவது இன்னிங்ஸ வேற யாராச்சும்தான் போடணும். அவர அப்பிடியே அடிக்க விட்டா ரன் வராம போகலாம், ஆனா பந்து அவர் கையிலயே இருக்கும். ஸ்க்ரீன்ல அனிமேஷன்னு பெருசா ஒண்ணும் நான் பாக்கறதில்ல, ரெண்டு வரி எழுத்து, கீழ கொஞ்சம் பட்டன். ஆனா அந்த இடத்துல மவுச தொடாம அஞ்சு நிமிஷம் உக்காந்திருக்கலாம், அவ்வளவு கனமான முடிவு அது. நான் கிப்சனையே அடிக்க விடுவேன். அந்த ஆளு பேட்டும் நல்லா பிடிப்பாரு, கேரியர்ல 24 ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, அடிச்ச பிட்ச்சர்.

இன்னொரு அழகு, காலம் மாறும்போது கேமும் கூடவே மாறுது. 1968ல பிட்ச்சருங்க அந்த ஆட்டு ஆட்டுனதால அடுத்த வருஷமே பிட்ச்சர் நிக்கற மேட்ட 15 இன்ச்லேர்ந்து 10 இன்ச்சா கொறச்சுட்டாங்க. கேம்ல 1969 வந்த உடனே ரன் கூட வர ஆரம்பிக்கும், போன வருஷம் ரெண்டு ரன் வெச்சு ஜெயிச்ச அதே மாதிரி டீம நடத்துனா அடி வாங்குவோம்.

இப்ப நான் இந்த ரிவியூ எழுத உக்காந்த விஷயத்துக்கு வரேன். அந்தக் காலத்துல அமெரிக்கா பேஸ்பால்ல ரிசர்வ் க்ளாஸ்னு ஒரு ரூலு. ப்ளேயரு ஒரு தடவ ஒரு டீமுக்குக் கையெழுத்து போட்டா அவ்வளவுதான், கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் முதலாளி விட்டாத்தான் வெளிய போக முடியும், முதலாளி நெனச்சா வேற டீமுக்கு வித்துடலாம், அவர ஒரு வார்த்த கேக்க வேணாம். கேம்ல இந்த ரூலு அப்பிடியே இருக்கு. சீசன் முடிஞ்சா சம்பளப் பக்கத்துல பேரு பேரா வரும், உலகத்துலயே பெரிய பிட்ச்சரா இருந்தாலும் வேற எடத்துக்குப் போறேன்னு சொல்ல அவருக்கு வழியில்ல. மேனேஜரா பாத்தா ரொம்ப சுகம், காசு மிச்சம். ஒருநாள் எங்கப்பா பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு, அவரு தோட்டத்துல பால்மரம் வெட்டுன ஆளு, என்னய்யா இதுன்னு கேட்டாரு, வெளக்குனேன். கேட்டுட்டு சொன்னாரு, "அப்ப நம்ம லயத்துல இருந்த மாதிரிதானே, வேலைய விட்டா வீட்டையும் விடணும், எங்க போறது?" அதுக்கப்பறம் அந்தப் பக்கத்த நான் பழைய மாதிரி பாக்கறதில்ல.

இந்த டீம்ல இருந்த கர்ட் ஃப்ளட்தான் அந்த ரூல எதுத்து நின்னவரு. 1963லேர்ந்து 69 வரைக்கும் வரிசையா ஏழு கோல்ட் க்ளோவ், அதாவது நல்லா ஃபீல்டிங் பண்றவருக்குக் குடுக்கற விருது, சென்டர் ஃபீல்ட்ல அப்பிடி ஒரு ஆளு. 1969 அக்டோபர்ல அவர பிலடெல்ஃபியாவுக்கு ட்ரேட் பண்ணாங்க, அதாவது ஆள மாத்திக்கிட்டாங்க, நான் போக மாட்டேன்னு சொல்லி கேஸ் போட்டாரு, 1972ல சுப்ரீம் கோர்ட்ல 5க்கு 3னு தோத்தாரு. 1970 முழுக்க ஆடல, 71ல வாஷிங்டனுக்கு 13 ஆட்டம், அதோட கேரியர் முடிஞ்சது. மூணு வருஷம் கழிச்சு, 1975 டிசம்பர்ல, மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலின்னு ரெண்டு பிட்ச்சருங்க கேஸ்லதான் அந்தப் பூட்டு ஒடஞ்சுது. ஃப்ளட் அனுபவிக்க வேண்டியத மத்தவங்க அனுபவிச்சாங்க.

என் கேம்ல ஃப்ளட் எங்கயும் போகல. நெஜ ட்ரேடுங்க அப்பிடியே நடக்கணுமா வேணாமான்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத ஆஃப் பண்ணிட்டேன். வருஷா வருஷம் நெஜ நம்பர வெச்சு ப்ளேயர் தெறமைய மறுபடி கணக்கு போடற ரீகால்குலேஷனையும் ஆஃப் பண்ணணும், ஏன்னா நெஜத்துல அவரு ஆடவே செய்யாத வருஷத்துக்கு நம்பரு எங்கேர்ந்து வரும். நெஜத்துல ரிட்டயர் ஆன மாதிரியே இங்கயும் ஆகணும்ங்கற ஆப்ஷனையும் எடுத்துடுங்க. அதெல்லாம் எடுத்துட்டா கேமே அவங்கள வளத்து வயசாக்கி விடும். 32 வயசுல ஃப்ளட் சென்டர் ஃபீல்ட்ல ஓடி கேட்ச் பிடிச்சாருன்னு ஒரு வரி வரும், வேற ஒண்ணும் இல்ல, ஒரு வரி, எனக்கு அதுவே போதும்.

அதே மாதிரி கார்ல்டன். சம்பளத் தகராறுல முதலாளிக்குக் கோவம் வந்து 1972ல அவரையும் பிலடெல்ஃபியாவுக்குத் தள்ளிவிட்டாங்க. அந்த வருஷம் அவரு மட்டும் 27 ஆட்டம் ஜெயிச்சுக் குடுத்தாரு, அந்த டீம் மொத்தமா ஜெயிச்சதே 59தான். கேக்கற சம்பளத்தக் குடுத்து வெச்சுக்கங்க, நான் அதத்தான் பண்றேன். பட்ஜெட் இடிக்கும், கேம்ல ஓனரு மொறைப்பாரு, பரவால்ல.

கொற சொல்லணும்னா, மெனு காடு மாதிரி கெடக்கும், முதல் நாளு எத அமுக்கறதுன்னே தெரியாது. எழுத்தப் படிச்சுக்கிட்டே இருக்கணும், அதுவும் இங்க்லீஷ்ல, தமிழ் மலாய் ரெண்டும் கெடையாது. பத்து நிமிஷத்துல ஒரு மேட்ச் போட்டுட்டுத் தூங்கப் போறவங்களுக்கு இது சரிப்படாது. ஆனா பெரிய க்ராஃபிக்ஸ் கார்டு தேவையில்ல, தனியா ஆடறதுக்கு நெட்டும் பெருசா வேணாம், மழை பேஞ்சா லைன் போற எடத்துல இருக்கறவங்களுக்கு இது முக்கியம். கீழ்மட்ட லீக் எல்லாத்தையும் ஆன் பண்ணாதீங்க, பழைய லேப்டாப்பு தெணறும்.

மார்ச்ல புது வெர்ஷன் வரும்போது முழு வெல குடுத்து வாங்க வேணாம். பேஸ்பால் சீசன் முடியற நேரத்துல கேம் விக்கற ஸ்டீம் சைட்ல வெலய நல்லா எறக்குவாங்க, பழைய வருஷ ஆட்டத்துக்காக வாங்கறவங்களுக்கு அந்த வெர்ஷனே தாராளம். 1968 புடிக்கலன்னா 1908 சிகாகோ வைட் சாக்ஸ எடுங்க, நெஜத்துல சீசன் பூராவும் டீமுக்கே மூணு ஹோம் ரன்தான், ஆனா எட் வால்ஷ்னு ஒரு பிட்ச்சர் தனியா 40 ஆட்டம் ஜெயிச்சாரு, பந்த மெதுவா தட்டிவிடற பண்ட்டும் அடுத்த பேஸுக்குத் திருட்டுத்தனமா ஓடற ஸ்டீலும் வெச்சே ரன் எடுக்கறது எப்பிடின்னு அந்த டீம் கத்துக்குடுக்கும். யாராச்சும் கார்டினல்ஸ எடுத்து ஆடுனா ஃப்ளட்ட என்ன பண்ணீங்கன்னு கீழ சொல்லுங்க.