500 லிட்டர் மீன் தொட்டிக்கு எந்த பம்ப்? ஒரு வாளிக் கணக்கு

டப்பாவில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருந்தது. பம்பைத் தொட்டிக்கு அடியில், சம்ப் எனும் சின்ன ஃபில்டர் தொட்டியில் இறக்கினேன். குழாயின் மறுமுனையை மேலே, தொட்டி விளிம்பின் உயரத்தில் 10 லிட்டர் வாளிக்குள் விட்டு, போனில் நேரம் பார்த்தேன். வாளி நிறைய 34 விநாடி. அப்படியென்றால் மணிக்கு 1060 லிட்டர்தான். மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். டப்பாவில் இரண்டு எண் இருக்கும். ஒன்று மணிக்கு எத்தனை லிட்டர் என்பது. தண்ணீரை மேலே ஏற்றாமல், குழாயே இல்லாமல் பம்ப் தள்ளும் அளவு அது. இன்னொன்று எத்தனை மீட்டர் ஏற்றும் என்பது, கடைகளில் 'ஹெட்' என்பார்கள். அந்த உயரத்தில் ஒரு சொட்டுகூட வெளியே விழாது, தண்ணீர் குழாய்க்குள் நின்றுவிடும். நம் வீட்டு உயரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. என் பம்பின் ஹெட் 3 மீட்டர், என் தொட்டிக்கு ஏற்ற வேண்டியது 1.4 மீட்டர். அதற்கே ஒரு பகுதி போய்விடும். மீதியைத் தின்றது நான் மாட்டியிருந்த செடிக்கு ஊற்றும் மெல்லிய ஹோஸும் மூன்று எல்போ வளைவுகளும். ஒரு அங்குல ஹோஸ் வாங்கி, எல்போவை ஒன்றாகக் குறைத்ததும் அதே பம்ப் அதே வாளியை 24 விநாடியில் நிரப்பியது. மணிக்கு 1500 லிட்டர். பம்பை மாற்றுவதற்கு முன் குழாயை மாற்றுங்கள் என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு பம்பின் காசு மிச்சமாகியிருக்கும்.

தொட்டியின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். முழுக்க நிரப்பினால் 566 லிட்டர். மேலே விட்ட இடம், மணல், கல் எல்லாம் போக சுமார் 480. உள்ளே ஒரண்டா கோல்டுஃபிஷ், அழுக்கு செய்வதில் மன்னர்கள். இந்த மாதிரித் தொட்டிக்கு மணிக்கு நாலைந்து முறையாவது மொத்தத் தண்ணீரும் ஃபில்டருக்குள் போய்வர வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. அதாவது 2000 லிட்டருக்குக் குறையக் கூடாது. இது வாளியில் அளக்கும் லிட்டர், டப்பாவில் படிக்கும் லிட்டர் அல்ல.

(சம்ப் என்றதும் வீட்டுக்காரருக்கு ஒரு பயம் வந்தது. தரையைத் தோண்டப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். இது தொட்டியின் ஸ்டாண்டுக்குள் வைக்கும் சின்னக் கண்ணாடித் தொட்டி. மேலிருந்து வழிந்து வரும் தண்ணீர் இதில் பஞ்சு, பயோ பால் (பாக்டீரியா வளர்வதற்கான பிளாஸ்டிக் உருண்டைகள்) எல்லாம் கடந்து பம்ப் இருக்கும் அறைக்கு வரும், பம்ப் மறுபடி மேலே தள்ளும்.)

சரி, என்னென்ன வழி இருக்கிறது?

முதலில் தள்ளுபடி செய்ய வேண்டியவை. பைப் வேலைக்கு வந்த அண்ணன் அரை எச்பி மோட்டார் ஒன்றைப் போட்டுவிடலாம் என்றார். அரை எச்பி என்றால் 373 வாட். நாள் முழுக்க ஓடினால் 9 யூனிட். மாடித் தொட்டிக்கு அரை மணி நேரம் ஏற்றிவிட்டு ஓய்வெடுக்கும் பிறவி அது, இருபத்துநாலு மணி நேரம் ஓடவும் செய்யாது, அது போடும் சத்தத்தில் நாம் தூங்கவும் முடியாது. அடுத்தது ஏர்கூலர் பம்ப். மலிவு, எந்தத் தெருவிலும் கிடைக்கும். கோடையில் சில மாதம் ஓடச் செய்த பொருளை வருஷம் முழுக்க மீனோடு சேர்த்துத் தண்ணீரில் முக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. திருகுகள் துருப்பிடித்ததை ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன், அத்தோடு அந்த யோசனை போயிற்று.

மிச்சம் இருப்பவை மூன்று. வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடும், சம்புக்குள் முக்கும் ஏசி பம்ப், அதே வேலைக்கு அடாப்டர் வழியாக ஓடும் டிசி பம்ப், சம்பே வேண்டாம் என்று கேனிஸ்டர் ஃபில்டர் (பம்பும் பஞ்சும் உள்ளே இருக்கும், தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா).

ஏசி பம்பின் உள்ளே பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. பிசினில் முழுக்க அடைத்த காயில், அதன் நடுவே ஒரு காந்தம், காந்தத்தின் நுனியில் இறக்கை, இவை சுழல ஒரு செராமிக் தண்டு. காந்தமும் இறக்கையும் சேர்ந்ததைத்தான் இம்பெல்லர் என்கிறோம். மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றாகத் திசை மாறி மாறி வர, காந்தம் அதே தாளத்தில் சுழலும். அதனால் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் வேகம் மாறாது. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. வழக்கமாகக் கெட்டுப்போவது இம்பெல்லரும் தண்டும்தான், இரண்டையும் ஸ்க்ரூடிரைவர்கூட இல்லாமல் மாற்றலாம். குறை என்ன? வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. ம்ம்ம் என்று ஒரு முனகல் இருக்கும், அடியில் பஞ்சு வைத்தால் பாதி அடங்கும். கரண்டும் அதிகம் இழுக்கும். உதாரணத்துக்கு இத்தாலியின் சிச்சே நிறுவனத்தின் சின்க்ரா 3.0: மணிக்கு 2700 லிட்டர், 3 மீட்டர் ஹெட், 45 வாட். இதே அளவு எண் போட்ட சீன பம்புகள் அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும்.

டிசி பம்பைப் பார்த்ததும் ஆசை வரும். 24 வோல்ட், தனியாக ஒரு அடாப்டர், பத்து வேகம் வைத்த கன்ட்ரோலர். ஜெபாவோ போன்ற பிராண்டுகளில் தீனி போடும்போது அழுத்த ஒரு பொத்தான், பத்து நிமிடம் பம்ப் நின்று தானாகவே ஓடும். சத்தம் அநேகமாக இல்லை. மெதுவாகக் கிளம்பி வேகம் பிடிக்கும். தண்ணீருக்குள் 230 வோல்ட் போகவில்லை என்ற நிம்மதி வேறு. கரண்ட் கணக்கும் இதற்குச் சாதகம்தான்: 45 வாட் பம்ப் இரண்டு மாத பில்லில் 65 யூனிட் காட்டும், அதே வேலையை ஒரு டிசி பம்ப் 25 வாட்டில் முடித்தால் 36 யூனிட். நம் ஊரில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். இந்த 29 யூனிட் எந்தப் படியில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் லாபம். ஏர் கண்டிஷனர் ஓடும் வீட்டில் அது உயர்ந்த படியில் விழும். இன்னொன்றும் உண்டு. பம்ப் இழுக்கும் வாட் எல்லாம் கடைசியில் சூடாகித் தண்ணீரில்தான் சேர்கிறது. மே மாதச் சென்னையில் தொட்டி ஏற்கெனவே 30 டிகிரியில் இருக்கும்போது 20 வாட் குறைவது மீனுக்கு நல்லது.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் ஏன் டிசி வாங்கவில்லை? காரணம் ஒரு கல்யாணம்.

முதல் பம்ப் ஒன்றரை வருஷம் குறை சொல்ல முடியாமல் ஓடியது. திருநெல்வேலியில் உறவினர் கல்யாணத்துக்கு மூன்று நாள் போயிருந்தோம். மீனுக்குத் தீனி போடச் சாவியை மாடி வீட்டு அக்காவிடம் கொடுத்திருந்தேன். இரண்டாம் நாள் காலை போன். “தம்பி, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. தண்ணி விழுற சத்தமே காணோம்.” ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கிறது. பம்புக்கு மின்சாரம் வந்துவிட்டது, ஆனால் சுழலவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் ஆறில் இரண்டு போய்விட்டன. பம்பைக் கழற்றினால் தண்டைச் சுற்றிலும் வெள்ளையாகக் கால்சியம், அரிசி மாவு பூசியதுபோல். எங்களுடையது போர் தண்ணீர், பக்கெட்டிலேயே கோடு விழும்.

அன்றைக்கு விளங்கிய விஷயம் இது. படிவு சேர்ந்த பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும், சுழலும் வேகத்தில் தன் இடத்தைத் தானே தேய்த்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை நின்றால் மறுபடி கிளம்பத் தெம்பு இருக்காது. கூடவே லோ வோல்டேஜும் இருந்தால் கேட்கவே வேண்டாம், உறுமிக்கொண்டு கிடக்கும். ஆகவே ஒரு பம்ப் எத்தனை வருஷம் ஓடியது என்று கேட்டு வாங்குவதைவிட, நின்றபின் எத்தனை முறை கிளம்பியது என்று கேட்பதே நம் ஊருக்குச் சரி. வாங்கியதும் நான் செய்யும் முதல் வேலை பத்து நிமிட இடைவெளியில் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போடுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இப்படிப் போகும். பிறகு மாதத்தில் ஒரு நாள், இரண்டு தடவை மட்டும்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் டிசியின் நிலை கொஞ்சம் மாறுகிறது. மெதுவாகக் கிளம்புவது அதற்குப் பலம்தான். ஆனால் அடாப்டர், கன்ட்ரோலர், பம்ப் என்று மூன்று பொருள் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்க வேண்டும். கன்ட்ரோலரை நாம் வைக்கும் இடமோ சம்பின் ஈரப்பதம் மிதக்கும் ஸ்டாண்டு அலமாரி. கரண்ட் போய் வந்ததும் பழைய வேகத்தை ஞாபகம் வைத்திருக்கும் கன்ட்ரோலரும் உண்டு, பொத்தானை அழுத்தும்வரை சும்மா இருப்பதும் உண்டு. கடையில் ப்ளக்கைப் பிடுங்கிச் செருகச் சொல்லிப் பார்த்தே வாங்க வேண்டும். அப்புறம் உதிரி பாகம். ஏசி பம்பின் இம்பெல்லர், வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் நாலு கடை ஏறி இறங்கினால் அன்று மாலையே கையில் கிடைக்கும். கன்ட்ரோலர் போய்விட்டால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும், மீன் காத்திருக்காது. கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர், அலையைக் கூட்டிக் குறைக்க வேண்டியவர், படுக்கையறையில் தொட்டி வைத்தவர் டிசியே வாங்கட்டும், ஆனால் ஒரு உபரி கன்ட்ரோலரையும் சேர்த்து.

கேனிஸ்டருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு, பலர் கவனிப்பதில்லை. அது மூடிய சுற்று. கீழே இறங்கும் தண்ணீரின் எடையே மேலே ஏறும் தண்ணீரைத் தூக்கிக் கொடுக்கிறது. 1.4 மீட்டர் உயரம் என்ற தண்டம் அதற்கு இல்லை, குழாயும் உள்ளே இருக்கும் பஞ்சும் தடுப்பதைத் தாண்டினால் போதும். ஃபுளூவல் எஃப்எக்ஸ்6 என்ற கேனிஸ்டரில் நிறுவனமே இரண்டு எண் போடுகிறது: பம்பின் திறன் 3500 லிட்டர், ஃபில்டருக்குள் உண்மையில் சுற்றுவது 2130 லிட்டர். டப்பாவில் இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. தொட்டியில் ஓட்டை போட வேண்டாம், வழியும் சத்தம் இல்லை, வரவேற்பறைக்கு அழகு.

ஆனாலும் கரண்ட் போனால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கேனிஸ்டரின் பஞ்சில் வாழ்ந்து மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா மூடிய டப்பாவில் ஆக்ஸிஜன் இல்லாமல் தவிக்கும். பல மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தால் உள்ளே ஊறிய நாற்றத் தண்ணீர் முதலில் தொட்டிக்குத்தான் போகும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு திறந்து அலசிவிட்டுத்தான் போட வேண்டும், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் யார் அலசுவது? சம்பில் அந்தப் பஞ்சு திறந்த காற்றில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சம்புக்கும் சொந்தமாக ஒரு ஆபத்து உண்டு. பம்ப் நின்றதும் மேலே இருக்கும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பிக் கீழே இறங்கும். குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன ஓட்டை போட்டு, மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து அந்த ஓட்டம் அறும்படி செய்யாவிட்டால் தரை நனையும். எங்கள் வீட்டுப் பாய் ஒன்று அப்படி நனைந்தது.

கடைசியில் நான் போட்டது ஒரு பெரிய பம்ப் அல்ல, இரண்டு சின்ன ஏசி பம்ப். டப்பா எண் 2000, ஒவ்வொன்றும் 28 வாட். வாளிக்கு 36 விநாடி, அதாவது மணிக்கு 1000 லிட்டர். இரண்டும் சேர்ந்து 2000. ஒன்று படுத்தாலும் பாதித் தண்ணீர் ஓடும், நான் ஊரிலிருந்து வரும்வரை மீன் மூச்சு விடும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி ப்ளக். ஒரே குழாயில் சேர்த்தால் ஓடுகிற பம்ப் தள்ளும் தண்ணீர் நின்றுபோன பம்ப் வழியாகவே சம்புக்குத் திரும்பிவிடும், இரண்டு வைத்த பலன் போய்விடும். இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் ஆகிறது, ஒற்றை டிசியைவிட நிச்சயம் அதிகம். அந்த வித்தியாசத்தைக் காப்பீட்டுத் தவணை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், பாதி நம்புகிறார்கள்.

இவை தவிர மூலையில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதற்குக் காற்றடிக்கும் ஐந்து வாட் ஏர் பம்ப், இன்வெர்ட்டர் லைனில். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யூஎஸ்பியில் ஓடும் குட்டி ஏர் பம்பும் ஒன்று இருக்கட்டும், 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் ஒரு இரவு தாராளமாக ஓடும். ஏசி பம்பையே இன்வெர்ட்டரில் போட நினைப்பவர்கள் ப்யூர் சைன் வேவ்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்த பம்புகள் கத்தும், சூடாகும். லைனில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் மீனுக்கு முன் அதை வாங்குங்கள். தண்ணீரில் கை விடுவது நாம்தான்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. இம்பெல்லரைக் கழற்றி வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினால் போதும். செராமிக் தண்டை மட்டும் பக்கவாட்டில் நெம்பக் கூடாது, சாக்பீஸ் மாதிரி ஒடியும். கோடையில் நாளுக்கு நாலைந்து லிட்டர் ஆவியாகிறது, அந்தக் குறைவு முழுக்க பம்ப் இருக்கும் அறையில்தான் தெரியும். அங்கே கோடு கிழித்து வைத்திருக்கிறேன், கோட்டுக்குக் கீழே போனால் பம்ப் காற்றை இழுக்கும்.

எப்போது கழற்றுவது என்பதையும் வாளிதான் சொல்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அளந்து, ஸ்டாண்டின் கதவில் ஒட்டிய டேப்பில் விநாடியை எழுதுகிறேன். இடது பம்ப்: 36, 36, 37, 37. வலது பம்ப்: 36, 37, 39, 43. வினிகர் பாட்டில் எங்கே என்று தேட வேண்டும்.