வரைபடத்தோடு உலக அரசியல்: எதை முதலில் படிக்கலாம்?

புவிசார் அரசியலை, அதாவது நிலமும் கடலும் நாடுகளின் முடிவுகளை எப்படி வளைக்கின்றன என்பதைப் படிக்க எங்கே தொடங்குவது என்று கேட்டால், பத்துக்கு எட்டுப் பேர் டிம் மார்ஷலின் 'பிரிசனர்ஸ் ஆஃப் ஜியாகரஃபி'யைச் சொல்வார்கள். 2015இல் வந்த புத்தகம். நானும் அதில்தான் தொடங்கினேன், பிறருக்கும் அதையே சொல்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்று சேர்த்தே சொல்வேன்.

மார்ஷல் பல ஆண்டுகள் களத்தில் நின்று செய்தி தந்தவர். பத்து வரைபடம், பத்து நிலப்பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம். ரஷ்யாவைப் பற்றிய முதல் அத்தியாயத்தைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு அட்லஸை விரித்து வையுங்கள். அரசியல் வரைபடம் வேண்டாம், மலைக்குப் பழுப்பும் சமவெளிக்குப் பச்சையும் தீட்டிய இயற்கை அமைப்பு வரைபடம். போலந்தில் விரலை வைத்தால், வடக்கே பால்டிக் கடலுக்கும் தெற்கே கார்பாத்திய மலைக்கும் இடையில் பச்சை சுமார் 480 கிலோமீட்டருக்கு ஒடுங்கியிருக்கும். விரலைக் கிழக்கே நகர்த்தினால் அது விசிறிபோல விரிந்துகொண்டே போகும், மாஸ்கோ வரை தடுக்க ஒரு மலை கிடையாது. 1812இல் நெப்போலியனும் 1941இல் ஹிட்லரும் வந்தது இந்தச் சமவெளி வழியாகத்தான். ரஷ்யாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்பது அந்த ஒரு விரல் நகர்த்தலில் புரிந்துவிடும். இந்தத் தெளிவை மற்ற எந்தப் புத்தகமும் இவ்வளவு சீக்கிரம் தருவதில்லை.

சரி, குறை என்ன? 1991இலும் அந்தச் சமவெளி அதே தட்டையாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு உக்ரைன் பிரிந்து போனதை மாஸ்கோ ஏற்றுக்கொண்டது, 2022இல் படையெடுத்தது. மண் மாறவில்லை, முடிவெடுத்த மனிதர்கள் மாறினார்கள். மார்ஷலும் நிலம் மட்டுமே எல்லாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் படித்து முடிக்கும்போது 'வேறு வழியே இல்லை' என்ற எண்ணம்தான் மனதில் தங்குகிறது. ஒரு போருக்கு அந்த எண்ணம் நியாயம் கற்பித்துவிடக்கூடும் என்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

அதற்கு மாற்று மருந்து, பொருளியல் அறிஞர்கள் அசெமோக்லுவும் ராபின்சனும் 2012இல் எழுதிய 'ஒய் நேஷன்ஸ் ஃபெயில்'. கொரியாவை இரண்டு புத்தகமும் எப்படிச் சொல்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மார்ஷலின் கண் சியோல் நகரத்தின்மேல் போகிறது: எல்லைக்கு அத்தனை பக்கத்தில் இருப்பதால் வட கொரிய பீரங்கிகளுக்கு எட்டும் தூரம். இவர்கள் கண் அந்த எல்லைக்கோட்டின்மேல் போகிறது. 38ஆவது அட்சக்கோடு எந்த மலையையும் ஆற்றையும் ஒட்டிப் போவதில்லை. 1945 ஆகஸ்டில் இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்த கோடு அது. போரில் பிரிந்த அண்ணன் தம்பி ஐம்பது ஆண்டு கழித்துச் சந்திக்கும் காட்சி ஒன்று புத்தகத்தில் வருகிறது. வடக்கிலிருந்து வந்தவரின் மேல்கோட்டு நைந்துபோயிருக்கிறது. என்னுடையதை வாங்கிக்கொள் என்கிறார் தெற்கே இருப்பவர். முடியாது, இது இந்தச் சந்திப்புக்காக அரசாங்கம் இரவல் கொடுத்தது என்கிறார் மற்றவர். ஒரே மொழி, ஒரே தீபகற்பம். அந்த எல்லைக்கோட்டுக்கு நிலத்தில் விளக்கம் தேட முடியாது.

இவர்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்தவர்கள்தான். புவியியலை ஓர் அத்தியாயத்திலேயே தள்ளிவிட்டு, எல்லாவற்றுக்கும் ஆட்சி அமைப்பே காரணம் என்கிறார்கள். 1993இல் எரித்திரியா தனிநாடான பிறகு எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை இல்லை. சரக்கெல்லாம் பெரும்பாலும் ஜிபூத்தி துறைமுகம் வழியாகத்தான். எவ்வளவு நல்ல ஆட்சி வந்தாலும் கடல் கிட்டே வந்துவிடாது.

ஜாரெட் டயமண்டின் 'கன்ஸ், ஜெர்ம்ஸ் அண்ட் ஸ்டீல்' (1997) இந்தப் போட்டியில் சேர்ந்ததே இல்லை என்பது என் கருத்து. 1532இல் 168 பேரோடு தென் அமெரிக்காவுக்குள் போன ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ, பெரும்படை சூழ இருந்த இன்கா பேரரசின் அரசனை எப்படிப் பிடிக்க முடிந்தது என்ற கேள்வியிலிருந்து பதின்மூவாயிரம் ஆண்டு பின்னே போகிறது. மனிதன் பழக்கிய பெரிய விலங்கினங்கள் 14, அதில் 13 யூரேசியாவைச் சேர்ந்தவை என்ற இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து யோசித்தேன். அற்புதமான புத்தகம். ஆனால் நாளைய செய்தித்தாளைப் புரிந்துகொள்ள இது உதவாது.

ராபர்ட் காப்லானிடம் வந்தால், எல்லோரும் சொல்வது 'தி ரிவெஞ்ச் ஆஃப் ஜியாகரஃபி' (2012). ஈராக் போரை ஆதரித்தது தன் தவறு என்று ஒப்புக்கொள்ளும் நேர்மைக்காக அதை மதிக்கிறேன். ஆனால் மெக்கிண்டர், ஸ்பைக்மேன் போன்ற பழைய புவிசார் அரசியல் அறிஞர்களின் கோட்பாடுகளின் ஊடே நடத்திப் போவதால் புதிதாக வருபவர் களைத்துவிடுவார். அவருடைய 'மான்சூன்' (2010) நமக்கு நெருக்கமானது. வழக்கமான உலக வரைபடங்கள் இந்தியப் பெருங்கடலை ஓரத்துக்குத் தள்ளுகின்றன என்று சொல்லி, அதை நடுவில் வைத்துப் பேசுகிறது. ஓமன், பாகிஸ்தானின் குவாதர், கொல்கத்தா, அப்புறம் இலங்கையில் கட்டுமானத்தில் இருந்த அம்பாந்தோட்டைத் துறைமுகம். அந்தத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனதை அறிந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் இன்னும் கனமாகப் படும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 15ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காலி நகரில் நாட்டிய கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் இருக்கிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இந்தக் கடலில் யாரெல்லாம் வியாபாரம் செய்தார்கள் என்பதை அந்த ஒரு கல்லே சொல்லும்.

என்னைக் கேட்டால் மார்ஷலை முதலில் படியுங்கள். உடனே, சூடு ஆறுவதற்குள், 'ஒய் நேஷன்ஸ் ஃபெயில்' நூலின் முதல் மூன்று அத்தியாயங்கள். பிறகு 'மான்சூன்'. ஒரு மாதம் ஓய்வு கிடைக்கும்போது டயமண்ட். அட்லஸை மட்டும் கடைசிவரை மேசையிலிருந்து எடுக்காதீர்கள்.