வேலைவாய்ப்பு ஆய்வுக்கு எந்தத் தரவு: பிஎல்எஃப்எஸ்ஸா, சிபிஎச்எஸ்ஸா?

இந்திய வேலைவாய்ப்பை ஆராய்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள்: 2017இல் அரசு தொடங்கிய உழைப்பாளர் கணக்கெடுப்பான பிஎல்எஃப்எஸ், 2014 முதல் சிஎம்ஐஇ என்ற தனியார் நிறுவனம் நடத்தும் குடும்பக் கணக்கெடுப்பான சிபிஎச்எஸ். முன்னது இலவசம், பின்னதுக்குச் சந்தா கட்ட வேண்டும். ஆனால் பணத்தை விட முக்கியம், யாரை ‘வேலையில் இருப்பவர்’ என்று எண்ணுகிறார்கள் என்பது.

வீட்டைக் கவனித்துக்கொண்டே, சொந்த வயலில் வருடத்துக்கு இரண்டு மாதம் களையெடுக்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎல்எஃப்எஸ்ஸில் அவருக்கு முதன்மை நிலைக் குறியீடு 92, வீட்டு வேலை. ஆனால் 30 நாளுக்குக் குறையாமல் உழைத்ததால் துணை நிலையில் குறியீடு 21, அதாவது சம்பளமில்லாக் குடும்ப உதவியாளர். ஆக, கடந்த ஓராண்டைப் பார்க்கும் ‘வழக்கமான நிலை’க் கணக்கில் வேலையில் இருப்பவர். சிபிஎச்எஸ் முக்கியமாகப் பார்ப்பது கணக்கெடுப்பு நாளையும் முந்தைய நாளையும். களையெடுப்பு இல்லாத மாதத்தில் போனால் அவர் இல்லத்தரசிதான். 2023-24இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு பிஎல்எஃப்எஸ்ஸில் 41.7%, சிபிஎச்எஸ்ஸிலோ சுமார் 10%தான். பிஎல்எஃப்எஸ்ஸில் குறியீடு 21ஐக் கழித்துவிட்டும் கணக்கை ஓட்டிப் பார்க்கலாம், கடந்த 7 நாளை மட்டும் பார்க்கும் வாரநிலையையும் தனியே எடுக்கலாம். கேட்காத கேள்விக்குப் பதிலை சிபிஎச்எஸ்ஸில் சேர்க்க வழியில்லை. என் ஓட்டு பிஎல்எஃப்எஸ்ஸுக்கு விழுவது இதனால்தான்.

இலவசம் என்றாலும் வேலை வாங்கும். 2024 வரையிலான கோப்புகளில் என்எஸ்எஸ், என்எஸ்சி என்ற இரண்டு நெடுவரிசைகளும் சமமானால் மல்டிப்ளையரை (ஒவ்வொருவருக்குமான எடையை) 100ஆல் வகுக்க வேண்டும், இல்லையென்றால் 200ஆல். ஆண்டுக் கணக்குக்கு மேலும் காலாண்டுகளின் எண்ணிக்கையால், பெரும்பாலும் 4ஆல். எல்லா வரிசையையும் 100ஆல் மட்டும் வகுத்தால் மொத்தத்தோடு விகிதமும் கோணிவிடும். நபர் கோப்பையும் குடும்பக் கோப்பையும் இணைக்கும்போது எஃப்எஸ்யூ (மாதிரிக்கு எடுத்த கிராமம் அல்லது நகரப் பகுதி) எண்ணும் குடும்ப எண்ணும் போதாது. அந்தப் பகுதியின் உட்பிரிவான செக்மெண்ட், குடும்பங்களை வகைப்படுத்தும் இரண்டாம் நிலை ஸ்ட்ராட்டம் இரண்டையும் சேர்க்காவிட்டால் ஒரே நபர் பல குடும்பங்களோடு ஒட்டிக்கொள்வார். அந்த 41.7 உங்கள் கணினியிலும் வரும்வரை ரிக்ரெஷன் பக்கம் போகாதீர்கள்.

2020 ஊரடங்கில் வேலை இழந்த அதே ஆள் மறுபடி எப்போது வேலைக்குப் போனார் என்பது கேள்வியானால் சிபிஎச்எஸ்தான். ஒரே குடும்பத்தை ஆண்டுக்கு மூன்று முறை பார்க்கிறார்கள். பிஎல்எஃப்எஸ்ஸில் 2024 வரை கிராமக் குடும்பங்களுக்கு மறுவருகையே கிடையாது. அதே நேரம், சிபிஎச்எஸ் மாதிரியில் ஏழைகள் குறைவு என்று பொருளாதார ஆய்வாளர்கள் ழான் திரேஸும் அன்மோல் சோமாஞ்சியும் 2021இல் வைத்த விமர்சனத்தை ஆய்வேட்டில் சொல்லாமல் விடக் கூடாது. சிபிஎச்எஸ்ஸின் வருமானப் பகுதியை நான் அதிகம் புழங்கியதில்லை, இந்தத் தீர்ப்பு வேலைவாய்ப்புக்கு மட்டும்.

பிஎல்எஃப்எஸ்ஸின் மாதிரி வடிவமைப்பு 2025 ஜனவரியில் மாறிவிட்டது. 2017-18இலிருந்து 2025 வரை ஒரே கோடாக இழுத்தால் ஆய்வு வழிகாட்டி முதலில் அங்கேதான் கை வைப்பார்.