ஓஹேரிலிருந்து ஃபெர்மிலாப் வரை: காரை நாமே ஓட்டலாமா?

சிகாகோ நகருக்கு மேற்கே, பட்டேவியா ஊரை ஒட்டி 6,800 ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கும் ஃபெர்மி தேசிய முடுக்கி ஆய்வகத்துக்கு (சுருக்கமாக ஃபெர்மிலாப்) இந்தியாவிலிருந்து இயற்பியலாளர்களும் பொறியாளர்களும் ஆய்வு மாணவர்களும் தொடர்ந்து சென்று வருகிறார்கள். நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் நோவா சோதனையிலும், நுண்துகள்களை மிகுவேகத்தில் செலுத்தும் பிப்-2 என்ற புதிய முடுக்கியின் கட்டுமானத்திலும் நம் நாட்டு நிறுவனங்களுக்குப் பங்கு இருப்பதால் இந்தப் போக்குவரத்து இனியும் குறையப் போவதில்லை. பயணத்துக்கு முன் விசாவைப் பற்றியும் குளிருடையைப் பற்றியும் அக்கறையாகச் சொல்லித் தரும் மூத்தவர்கள், சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்திலிருந்து ஆய்வகம் வரையிலான அந்தக் கடைசி 60 கிலோமீட்டரைப் பற்றி மட்டும் "வாடகைக் கார் எடுத்துக்கொள், நேரான சாலைதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நான்கு முறை அந்த வழியில் போய்வந்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரி போதாது என்று எனக்குத் தோன்றுகிறது.

சாலை நேரானதுதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஓஹேரை விட்டு வெளியேறும் ஐ-190 சாலையிலிருந்து ('ஐ' என்பது மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளின் குறி) ட்ரை-ஸ்டேட் என்று அழைக்கப்படும் ஐ-294இல் தெற்கே இறங்கி, அங்கிருந்து ஐ-88இல் மேற்கே திரும்பி, அரோராவின் ஃபார்ன்ஸ்வொர்த் அவென்யூ வெளிவழியில் விலகி வடக்கே செல்ல வேண்டும். அதே சாலை சற்று தூரத்தில் கிர்க் சாலை என்று பெயர் மாறும். பைன் தெருவில் வலப்புறம் திரும்பினால் ஆய்வகத்தின் நுழைவாயில் வந்துவிடும். நெரிசல் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முக்கால் மணி நேரத்தில் இந்தத் தொலைவைக் கடந்திருக்கிறேன். ஒரு வியாழக்கிழமை மாலையில் அதே தொலைவுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

சென்னையிலிருந்து செல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வளைகுடா நகரங்கள் வழியாக வரும் விமானங்களில் பல ஓஹேரில் பிற்பகலில் இறங்குகின்றன. குடியேற்றச் சோதனை முடிந்து, பெட்டிகளை எடுத்து, ஐந்தாம் முனையத்திலிருந்து தானியங்கி ரயிலில் ஏறி வாடகைக் கார் நிறுவனங்கள் அனைத்தும் ஒரே கூரையின்கீழ் இயங்கும் கட்டடத்தை அடைந்து, கையெழுத்துகளைப் போட்டுச் சாவியை வாங்கும்போது, சிகாகோவின் அலுவலகங்கள் அனைத்தும் வீடு திரும்பத் தொடங்கியிருக்கும். இருபது மணி நேரத்துக்கு மேல் தூங்காத உடலோடு, இடப்பக்கம் இருக்கும் ஸ்டீயரிங்கைப் பழகிக்கொண்டே, எட்டுத் தடங்களில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கும். ஐ-88இல் திரும்பியதும் மேற்கில் இறங்கும் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். டிசம்பரில் அந்தச் சூரியனும் நாலரை மணிக்குள் மறைந்துவிடும் என்பதால், முதல் பயணத்திலேயே இருட்டில் ஓட்ட நேரும். என் இரண்டாவது பயணத்தில் ஐ-294இலிருந்து பிரியும் இடத்தில், விழித்தபடியே ஒரு கணம் உறங்கிவிட்டேன். பக்கத்துத் தடத்தில் வந்தவர் ஒலியெழுப்பியதால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே வந்து இறங்கும் நாளில் காரை நீங்கள் ஓட்டாதீர்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை.

அந்த ஒரு நாளுக்கு, ஓட்டுநருடன் முன்கூட்டியே பதிவு செய்யப்படும் கார்ச் சேவை மிகவும் பொருத்தமானது. புறநகர்ப் பகுதிகளில் இயங்கும் இத்தகைய நிறுவனங்கள் விமானத்தின் எண்ணைப் பெற்றுக்கொண்டு தாமதத்தைத் தாங்களே கவனித்துக்கொள்கின்றன. சுங்கக் கட்டணமும் பெரும்பாலும் சொல்லப்பட்ட தொகைக்குள் அடங்கிவிடும். நான் பயன்படுத்திய சேவையில் ஓட்டுநர் வருகைக் கூடத்தில் பெயர்ப் பலகையோடு நின்றார். ஐ-294இல் நெரிசல் என்று தெரிந்ததும், ஐ-290, ஐ-355 வழியாகச் சுற்றி ஐ-88ஐப் பிடித்தார். ட்ரை-ஸ்டேட்டின் நடுப்பகுதியில் 2018 முதல் மறுகட்டுமானம் நடந்து வந்ததை அறிந்த உள்ளூர்க்காரருக்கு மாற்றுவழி இயல்பாகக் கைவருகிறது. ஆனால் ஆய்வகத்தின் உள்ளே விருந்தினர் விடுதி வரை வண்டி செல்லுமா என்பதைப் பதிவின்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். வாயிலில் உங்கள் கடவுச்சீட்டோடு ஓட்டுநரின் அடையாள அட்டையையும் கேட்பார்கள். அதற்கு அவர் ஆயத்தமாக வந்திருக்க வேண்டும்.

பொதுப் போக்குவரத்தை நம்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஓஹேரிலிருந்து நீலத் தட ரயிலில் நகர மையத்துக்குச் சென்று, அங்கிருந்து மெட்ரா புறநகர் ரயிலில் ஜெனீவாவுக்கோ அரோராவுக்கோ செல்லலாம். அதன் பிறகும் ஆய்வகத்துக்கு ஒரு வாடகை வண்டி தேவைப்படும். இரண்டு பெரிய பெட்டிகளோடு இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே வேளையில், ஒரு வாரத்துக்கு மேல் தங்குபவர்கள் கார் இல்லாமல் இருக்கவும் முடியாது. 16 மாடி வில்சன் கட்டடத்துக்கும், பயனாளர்கள் தங்கும் 'வில்லேஜ்' பகுதிக்கும், சோதனைக் கூடங்களுக்கும் இடையே கிலோமீட்டர் கணக்கில் புல்வெளியும் காடும் கிடக்கின்றன. 2011இல் நிறுத்தப்பட்ட டெவட்ரான் முடுக்கியின் சுற்றளவே 6 கிலோமீட்டருக்கு மேல். அரிசி வாங்கவும் மருந்து வாங்கவும் வெளியே போக வேண்டும். அரோராவிலுள்ள வெங்கடேசுவர சுவாமி கோயிலுக்குச் செல்வதென்றாலும் கார்தான் வழி. இரவுப் பணி வாரம் முடிந்து அங்கே கர்ப்பகிருகத்தின் முன் நின்ற ஐந்து நிமிடம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. எனவே முதல் நாள் ஓட்டுநருடன் வந்து சேர்ந்து, நன்றாக உறங்கி எழுந்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ பட்டேவியா, ஜெனீவா, அரோரா பகுதியில் இருக்கும் கிளையொன்றில் காரை எடுப்பது நல்லது. தமிழ்நாட்டு உரிமத்துடன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள்.

வாடகைக் காரில் எனக்கு உண்மையான மனக்குறை சுங்கக் கட்டணம் தொடர்பானது. இல்லினாய் சுங்கச்சாலைகளில் 2020 முதல் பணம் வாங்கும் சாவடிகளே இல்லை. நம் ஊர் ஃபாஸ்டேக் போன்ற ஐ-பாஸ் இருந்தால் ஒரு கட்டணம். இல்லாவிட்டால் எண் பலகையைப் படமெடுத்து இரு மடங்கு கட்டணம். செலுத்தாமல் கடந்தவர்கள் 14 நாட்களுக்குள் இணையத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துச் செலுத்திவிட்டால் அபராதம் இல்லை. இந்த எளிய வசதியை வாடகைக் கார் நிறுவன முகப்பில் இருப்பவர்கள் சொல்வதில்லை. ஒரு நிறுவனம் என்னிடம் "எல்லாம் தானாகக் கழிந்துவிடும்" என்று மட்டும் சொன்னது. ஊர் திரும்பிய பிறகு வந்த அட்டைக் கணக்கில், சுங்கக் கட்டணத்துக்கு மேல், நாள்தோறும் ஒரு சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தது. நான் சுங்கச்சாலையில் சென்றதோ இரண்டே நாட்கள். உதவித்தொகையில் வாழும் ஆய்வு மாணவருக்கு அது சிறிய தொகையன்று. ஐ-பாஸ் கணக்கு ஒன்றை நீங்களே தொடங்கி, வாடகைக் காரின் எண்ணை அதில் பதிந்துகொள்ளுங்கள். காரைத் திருப்பிக் கொடுத்த அன்றே அந்த எண்ணை நீக்கிவிடவும் மறக்காதீர்கள்.

மிட்வே விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்குத் தொலைவில் பெரிய வேறுபாடில்லை. சிசெரோ அவென்யூ வழியாக ஐ-55இல் தென்மேற்கே சென்று, ஐ-355இல் வடக்கே ஏறி ஐ-88ஐ அடையலாம். ஆர்கான் தேசிய ஆய்வகத்துக்குச் செல்பவர்களுக்கு மிட்வேதான் வசதி. அது இந்த ஐ-55 சாலையின் ஓரத்திலேயே, லெமாண்ட் ஊருக்கு அருகில் இருக்கிறது. 2013இல் நியூயார்க்கின் புரூக்ஹேவன் ஆய்வகத்திலிருந்து மியூவான் என்ற நுண்துகளை ஆராயும் ஜி-2 சோதனைக்கான சுமார் 15 மீட்டர் அகலக் காந்த வளையம் கடலிலும் ஆறுகளிலுமாக மிதந்து வந்து கரையேறியதும் அதே லெமாண்டில்தான். வளையத்தை முறுக்காமலும் வளைக்காமலும் ஃபெர்மிலாப் வரை கொண்டுசேர்க்க இரவுகளில் சாலைகளை மூடி, மிக மெதுவாக நகர்த்தினார்கள். அந்தப் பகுதியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கலந்த ஒரு மகிழ்ச்சி தோன்றும்.

இந்த வழியில் தவறு நேரக்கூடிய இடம் ஃபார்ன்ஸ்வொர்த் வெளிவழி. அதை ஒட்டியே பெரிய தள்ளுபடி அங்காடி வளாகம் இருப்பதால் விடுமுறைக் காலத்துச் சனிக்கிழமைகளில் வெளிவழிக்கு முன்பே கார்கள் வரிசை கட்டி நிற்கும். முன்கூட்டியே வலத் தடத்துக்கு வந்துவிடுங்கள். கிர்க் சாலையிலும் ஆய்வகத்துக்குள்ளும் அந்தி நேரத்தில் மான்கள் குறுக்கே வரும். கனடா வாத்துகள் கூட்டமாகச் சாலையைக் கடந்தால், அவை போய்முடியும்வரை காத்திருப்பதுதான் அங்கு வழக்கம்.

பைன் தெரு நுழைவில், சாலையின் மேல் மூன்று கால்களில் நிற்கும் இரும்பு வளைவு ஒன்றைக் காண்பீர்கள். ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ராபர்ட் வில்சன் வடித்த 'உடைந்த சமச்சீர்மை' அது. ஒருபுறம் கறுப்பு, மறுபுறம் ஆரஞ்சு. நேர் கீழிருந்து பார்த்தால் மட்டுமே அது சமச்சீராகத் தெரியும். வேறு எங்கிருந்து பார்த்தாலும் சாய்ந்திருக்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இதை ஒருபோதும் பார்க்க முடியாது. முதல் நாள் பின் இருக்கையில் வருபவர்கள், வண்டி அதன் கீழே செல்லும்போது கண்ணாடியை இறக்கித் தலையை உயர்த்திப் பார்க்கலாம்.

திரும்பும் பயணத்தை நீங்களே தயக்கமின்றி ஓட்டலாம். அதற்குள் சாலை பழகியிருக்கும். உள்ளூர்க் கிளையில் எடுத்த காரை ஓஹேரில் விட முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை எடுக்கும்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். எரிபொருளைக் கிர்க் சாலைப் பக்கத்திலேயே நிரப்பிவிட்டு, பனிக்காலமாக இருந்தால் கண்ணாடி கழுவும் நீரையும் நிரப்பிக்கொண்டு, விமானம் புறப்படும் நேரத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.